பொன்ராஜின் கண்ணுக்கு ஒரு கடல் படம்

கத்திவாக்கத்தில் ஃபைபர் படகு ஓட்டும் பொன்ராஜுக்குக் கடலிடம் பயம் இருந்ததில்லை. அவரைக் கவிழ்க்கப் பார்த்தது கைப்பேசியில் வந்த கடல் படம்தான்.

எந்தப் பக்கம் கடல் எப்படி இருக்கிறதென்று படமாகக் காட்ட, மீனவர்களுக்கென்று ஒரு சின்ன கம்பெனி செய்த ஆப் அது. அதன் திரையை வடிவமைத்தவள் அவருடைய அக்கா மகள் கீர்த்தி. அமைதியான கடலுக்குப் பச்சை, காற்றும் அலையும் ஏறுகிற கடலுக்குச் சிவப்பு. பார்த்ததுமே புரிகிறது என்று குப்பமே மெச்சியது. மருமகள் செய்ததாயிற்றே என்று பொன்ராஜும் தலையாட்டி வைத்தார்.

ஐப்பசியில் ஒரு நாள், விடிந்ததும் படத்தைப் பார்த்துவிட்டுப் படகை வடக்கே விட்டார். எண்ணூர் தாண்டியதுமே காற்று அறைந்தது. அலை படகுக்குள் ஏறி வலையை நனைத்தது. கூடப் போன பொன்னுரங்கம் தண்ணீர் இறைப்பதை விட்டு, கைப்பேசிப் படத்தை எட்டிப் பார்த்துக் கத்தினார்.

“யோவ் மாமு, இங்க செவப்புன்னு போட்டுகீதே, பாக்கலயா நீ?”

“செவப்பா? எல்லாம் ஒரே கலராத்தான கீது!”

 இருவரும் படகைத் திருப்பி, தொப்பலாக நனைந்து கரை சேர்ந்தார்கள்.

மதியத்துக்குள் கதை குப்பம் முழுக்கப் பரவிவிட்டது. இனி அந்த ஆப்பைத் தொடுவதில்லை என்று பொன்ராஜ் கைப்பேசியைத் தலையணைக்கடியில் செருகினார். சாயங்காலம் கீர்த்தி வந்தபோது அவர் முகம் கொடுக்கவில்லை. அவர் மனைவி மலர்தான் பேச்செடுத்தாள்.

“போன பொங்கலுக்குப் பச்சப் பொடவ கேட்டேன் கீர்த்தி. அரக்குல வாங்கியாந்து, இதான் பச்சன்னு சண்ட போடுது உங்க மாமா.”

கீர்த்தி சிரிக்கவில்லை. மறுநாளே அவரை ராயபுரத்தில் ஒரு கண் டாக்டரிடம் அழைத்துப் போனாள். அங்கே காட்டிய அட்டைகளில் வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருந்த எண் எதுவும் பொன்ராஜுக்குத் தெரியவில்லை. பிறவியிலேயே பச்சையும் சிவப்பும் பிரியாத கண், நிறைய ஆண்களுக்கு இப்படி உண்டு, வேறு கெடுதல் இல்லை என்றார் டாக்டர். வெளியே வந்ததும் பொன்ராஜ் நீளமாக மூச்சு விட்டார். இத்தனை வருடமும் தனக்குத்தான் புத்தி மட்டு என்று நினைத்திருந்தார்.

“நான்தான் மாமா கலரை மட்டும் நம்பிட்டேன்” என்றாள் கீர்த்தி. “ஆமா, சிக்னல்ல எப்படி நிக்கிறீங்க?”

“மேல வெளக்கு எரிஞ்சா நில்லு, கீழ எரிஞ்சா போ. இதுக்கு இன்னாத்துக்குக் கலரு?”

கீர்த்தி திரையை மாற்றத் தொடங்கினாள். மோசமான கடலுக்கு நெருக்கமான சாய்கோடுகள் வந்தன, மேலே ‘போகாதே’ என்ற எழுத்தும். அமைதியான கடல் வெறுமையாக வெளுத்துக் கிடந்தது. மாதிரியைச் சோதிக்க மாமாவை உச்சி வெயிலில் படகில் உட்கார வைத்தாள். அவருக்கும் அந்த வேலை பிடித்துவிட்டது.

“இந்த எழுத்து வெயில்ல காணாம பூடுது. எறும்பு மாரி வேற கீது.”

சாம்பல் எழுத்து கறுப்பானது. அளவும் பெருத்தது. புது ஆப் வந்தபோது, கண்ணாடியில்லாமல் படிக்க முடிகிறதென்று வயசானவர்கள்தான் அதிகம் சந்தோஷப்பட்டார்கள்.

இப்போதெல்லாம் கிளம்பும்முன் பொன்னுரங்கம் தன் கைப்பேசியையும் பொன்ராஜிடமே நீட்டிவிடுகிறார்.

“எங்க போலாம், நீயே சொல்லு மாமு.”

“வடக்கால கோடா கீது. தெக்க வுடு.”

அப்படித் தெற்கே போன ஒரு நாள், நல்ல விலை போகும் வஞ்சிரம் மாட்டவில்லை. சங்கரா மீன் மட்டும் வலை கொள்ளாமல் வந்தது.