பல் மட்டும் தெரிந்த திரை

எங்கள் பல் மருத்துவமனையில் டாக்டருக்கு உதவியாக இருப்பவளைக் கைராசி அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு, டாக்டரைவிட அவள்மேல்தான் நம்பிக்கை. அச்செடுக்கும் பசையை வாயில் வைப்பதற்கு முன் கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் ஓரம் எல்லாம் விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்ப்பாள். "இங்க என்ன புண்ணு? எத்தன நாளா இருக்கு?" என்று வந்தவரை உலுக்கி எடுத்துவிடுவாள்.

பிறகு ஸ்கேனர் வந்தது. பேனா மாதிரி ஒன்றை வாய்க்குள் ஓட்டினால் போதும், திரையில் பல்வரிசை பளபளவென்று நிற்கும். பசை இல்லை, குமட்டல் இல்லை, விரலுக்கும் வேலை இல்லை. ஒன்றரை நிமிடத்தில் முடிக்கிறாள் என்று டாக்டர் அவளைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார். அவளும் பூரித்துப்போனாள். சனியன், நானும்தான் கைதட்டினேன்.

அவள் வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். வாய் ஓயாது. கடைவாய்ப் பல் உடைந்து, கேப் போட எங்களிடமே வந்தார்.

"நாக்கு ஓரத்துல ஏதோ உறுத்துதும்மா."

"ஒடஞ்ச பல்லு கீறுது. கேப் போட்டா சரியாயிடும். பேசாம வாயத் தொறங்க."

கேப் சரியாகப் பொருந்தவில்லை. ஐந்து மாதத்தில் மூன்று முறை ஸ்கேன் எடுத்தாள். மூன்று முறையும் திரையைத்தான் பார்த்தாள். அந்தப் பாழாய்ப்போன மெஷின் நாக்கையும் கன்னத்தையும் வேண்டாத குப்பை என்று தானே அழித்துவிட்டுப் பல்லை மட்டும் காட்டும். அது அவளுக்கும் தெரியும், எங்கள் எல்லோருக்கும் தெரியும். படம் எவ்வளவு சுத்தமாக வருகிறது என்று அதையே மெச்சிக்கொண்டிருந்தோம்.

அவருக்குச் சோறு இறங்காமல் போனபிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நானும் கூடப் போனேன். புற்றுநோய். நாக்கில் பாதியை எடுக்க வேண்டும் என்றார்கள். அங்கே பார்த்த டாக்டரம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இவ்வளவு நாளா யாருமே வாயப் பாக்கலையா?"

"இல்லைங்க டாக்டர், நான் யார்கிட்டயும் காட்டல. என் தப்புதான்" என்றார் அவர், பட்டென்று.

அக்கா அவர் கையை உதறினாள். "பொய் சொல்றாரு டாக்டர். மூணு தடவ பாத்தது நான்தான்" என்று சொல்லி, நின்ற இடத்திலேயே தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

ஆபரேஷன் ஆயிற்று. மனிதர் பிழைத்துக்கொண்டார். இப்போது அவர் பேசுவது அவளுக்கு மட்டும்தான் புரிகிறது. என் காதில் தெளிவாக விழுந்த அவருடைய கடைசிப் பேச்சு, பெண்டாட்டியைக் காப்பாற்றுவதற்காகச் சொன்ன அந்தப் பொய்தான்.