வெள்ளிக்கிழமை முழுகிய ஸ்னோமொபீல்

ஐம்பத்திரண்டு வயதில் சொந்தமாக, பனிமேல் ஓடுகிற ஸ்னோமொபீல் வண்டி வாங்கிய தமிழ்ப் பெண் கனடாவில் எங்கள் வோபர்ன் பகுதியில் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். வேறு யாராவது இருந்தால் வந்து சொல்லட்டும், சேர்ந்து ஓடலாம்.

ஒஷாவாவில் கார் உதிரிப்பாகங்களைப் பெட்டியில் அடுக்கும் இடத்தில் எனக்கு வேலை. எங்கள் சுப்பர்வைசர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. பனிக்காலச் சனிக்கிழமைகளில் நாலைந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு வடக்கே காட்டுப்பாதைகளில் ஸ்னோமொபீல் ஓடப் போவார். ஒருநாள் என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டு பறந்தார். இறங்கியபோது எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை, சிரிப்பும் அடங்கவில்லை. அடுத்த மாதமே பழைய வண்டி ஒன்று எங்கள் கராஜுக்கு வந்துவிட்டது. கராஜுக்குள் ஹீட்டர் போட்டிருப்பதால் வண்டி எங்களைவிட வசதியாகவே இருந்தது.

என் கணவர் அதைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார்.

"உமக்கென்னப்பா, விசரே?"

"ஓம், விசர்தான். நீங்கள் உங்கட அலுவலைப் பாருங்கோ."

முதல் சனிக்கிழமை பத்து நிமிடம்தான் ஓடினேன். வண்டியின் அடியில் குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷன் முழுக்கப் பனி அப்பி, கட்டியாகி, ஸ்பிரிங் எல்லாம் கல்லாகிவிட்டது. பாதையில் எத்தனை மேடு பள்ளம் இருந்ததோ அத்தனையும் என் இடுப்பில், நாரி எலும்பில் வந்து இடித்தது. மற்றவர்கள் காட்டுக்குள் மறைய, நான் முனகிக்கொண்டு திரும்பினேன்.

சும்மா விடுகிற ஆளா நான்? அடுத்த கிழமை முழுவதும் யோசித்தேன். குளிர்காலத்தில் எங்கள் குளியலறைத் தேங்காயெண்ணெய் கல்லாகிவிடும். குசினியில் சமைக்கிற நல்லெண்ணெய் ஒருநாளும் உறைந்ததில்லை. எனவே சனிக்கிழமை விடிய எழும்பி, ஸ்பிரிங் ஒவ்வொன்றுக்கும் நல்லெண்ணெய் பூசினேன், பிள்ளைக்குப் பூசுவதுபோல. வெளியே கழித்தல் பதினெட்டு பாகை. குசினிக்குள் இருந்த எண்ணெய்க்கு அந்தக் குளிரைப் பற்றி என்ன தெரியும்? காட்டுப்பாதைக்குப் போய்ச் சேரமுன்னரே களியாகிவிட்டது. பறந்த பனியெல்லாம் அதில் வந்து ஒட்டிக்கொண்டது. சுப்பர்வைசர் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, சமையல் எதுவும் நடக்கிறதா என்று கேட்டார். மற்றப் பெண்கள் பனியில் உருண்டு சிரித்தார்கள். எனக்கும் சிரிப்புத்தான், ஆனால் அன்றும் பாதியில் திரும்பினேன்.

வீட்டில் கணவர் தீர்ப்புச் சொன்னார்.

"மூண்டாம் தரமும் இப்பிடியெண்டால் வித்துப்போடுவம். உம்மட நாரி போயிடும்."

"சரி, வில்லுங்கோ," என்றேன். என் வாய்க்கொழுப்பு அப்படி. அவர் அன்றே வண்டியை வாங்க ரெக்ஸ்டேலில் ஒருவரைப் பிடித்து, அடுத்த கிழமை ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. கனடாவுக்கு வந்து இத்தனை வருடத்தில் பிள்ளைகளுக்கும் வீட்டுக்கும் இல்லாமல், எனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய ஒரே சாமான் அதுதான்.

வெள்ளிக்கிழமை இடைவேளையில் சுப்பர்வைசரிடம் அழாக்குறையாகக் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: வண்டி காய்ந்திருக்க வேண்டும், ஈரத்தோடு குளிருக்குள் கொண்டுபோனால் முதலில் ஈரம் உறையும், பிறகு அதில் பனி பிடிக்கும், காயவைத்து, சிலிக்கோன் ஸ்பிரே அடித்து, வெளிக்குளிரிலேயே நிற்க விடு, ஓடும்போது இடையிடையே இறங்கிப் பனியைத் தட்டிவிடு. கடைசியாக, யாராவது வண்டியைக் கழுவுகிறார்களா என்று கேட்டார். நான் சிரித்தேன். பனிக்குள் ஓடுகிற சாமானை யார் கழுவப்போகிறார்கள்?

அன்று வேலை வெள்ளென, நேரத்துக்கு முன்னரே முடிந்தது. போகிற வழியில் ஸ்பிரேயும் வாங்கிக்கொண்டு போனேன். கராஜுக்குள் தண்ணீர்ச் சத்தம். கணவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு வாளி சுடுதண்ணீரோடு, என் வண்டியின் சஸ்பென்ஷனுக்குள் பிரஷ் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சந்தனக் கிண்ணம்.

இவர் வெள்ளிக்கிழமைகளில் காரைக் கழுவிச் சந்தனப் பொட்டு வைப்பது இருபது வருடப் பழக்கம். ஸ்னோமொபீலின் நெற்றியிலும் பொட்டைக் கண்டிருக்கிறேன். பொட்டுக்கு முன்னால் குளிப்பும் நடந்திருக்கும் என்று இந்த மரமண்டைக்கு ஓடவில்லை.

"போன வெள்ளியும் கழுவினீங்களோ?"

"ஒவ்வொரு வெள்ளியும் கழுவுறனான். ஊத்தையில பொட்டு வைக்கேலுமே?"

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "வண்டி பழுதானால் விக்கலாமெண்டு, தெரிஞ்சுதானே செய்தனீங்கள்?"

அவர் பிரஷை வைத்தார். "எனக்குப் பயமப்பா. நீர் நானில்லாமல் காட்டுக்க போறீர். நான் வேறென்ன செய்யிறது? கழுவிக் கும்பிட்டு விடுறன்."

திட்டுவதற்கு எடுத்த மூச்சு சிரிப்பாக வெளியே வந்தது. ஒரு வாளியைக் கவிழ்த்து, அதில் குந்தி வயிறு நோகச் சிரித்தேன். ஈரம் உறைகிற கதையை நான் சொல்லச் சொல்ல, அவர் முதலில் முழித்தார், பிறகு அவரும் தொடங்கிவிட்டார். இரவுச் சாப்பாடு வரை இருவரும் துவாயால் துடைத்தோம். என் தலைமயிர் காயவைக்கும் மெஷினை மூட்டுக்கு மூட்டு பிடித்தோம். பொட்டுப் பொட்டாக நின்ற ஈரமும் போனபிறகு ஸ்பிரே அடித்து, வண்டியை வெளியே தள்ளி, நிலத்தோடு உறைந்து ஒட்டாதபடி பலகைக்கட்டைகளில் தூக்கி வைத்தோம்.

சனிக்கிழமை இவரும் கூட வந்தார். வண்டியை ஏற்றிவந்த ட்ரக்குக்குள் இருக்கிறேன், நீர் போய்வாரும் என்றார். முதல் மேட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன். ஸ்பிரிங் மெல்ல அமுங்கி, என்னைத் தூக்கி, அந்தப் பக்கம் பூப்போல இறக்கியது. ஐயோ, அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! ஹெல்மெட்டுக்குள் நானே கத்தி நானே கேட்டேன். நிற்கிற இடமெல்லாம் குதித்திறங்கிப் பனியைத் தட்டினேன். நாலு மணித்தியாலம் ஓடினோம். இரண்டு தரம் சுப்பர்வைசரையே முந்தினேன்.

திரும்பி வந்தபோது இவர் ட்ரக்குக்கு வெளியே போனில் நின்றார். ரெக்ஸ்டேல்காரர், நாளைக்கு எத்தனை மணிக்கு வருவது என்று கேட்கிறார்போல. நான் எஞ்சினை நிறுத்தினேன். இவர் என்னை மேலிருந்து கீழாக ஒருதரம் பார்த்தார்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. இது என்ர மனிசியின்ர வண்டி. அவவைத்தான் கேக்கவேணும்," என்று போனை என்னிடம் நீட்டினார்.

ஹெல்மெட்டைக் கழற்ற எனக்குப் பொறுமை இல்லை.

"விக்கேலாது அண்ணை," என்று அதற்குள் இருந்தே கத்தினேன்.