போட்டாதாங்கில் முந்திரிக் கோழி

விருந்துக்கு அழைத்தவர் பரிமாறிய சோற்றை, அவர் கண்ணெதிரே குழந்தையின் கையிலிருந்து தட்டிவிட்டது சரியா? ரங்கூனிலிருந்து திருச்சிக்குத் திரும்பிய பிறகும் எனக்கு விடை தெரியவில்லை.

வெள்ளி மாலை ரங்கூனில் போய் இறங்கினோம். விமான நிலையத்திலிருந்து ஆற்றங்கரைப் பகுதியான போட்டாதாங்குக்குச் சுமார் பதினெட்டு கிலோமீட்டர். என் நான்கு வயது மகள் நிலா டாக்சியிலேயே தூங்கிவிட்டாள். கணவரின் அத்தை மகள் வசந்தா அக்கா ரங்கூனிலேயே பிறந்தவர். அவர் வீட்டில் தங்கினோம். மேல்மாடியில் குடியிருக்கும் ஹைத்தி நாட்டுப் பெண் மரி, பிரெஞ்சு ஆசிரியை. மறுநாள் முந்திரிக் கோழி விருந்துக்கு அழைத்திருந்தார்.

முன்பு ஒருமுறை முந்திரி சாப்பிட்டு நிலாவின் உதடு வீங்கியது. சோதனை செய்யும்வரை கொடுக்கக் கூடாது என்றார் மருத்துவர்.

“அக்கா, கோழியில முந்திரி போடுவாங்களாமே. மரிகிட்டச் சொல்லிடலாமா?”

“கடைசியில வறுத்து மேல தூவுறதுதானேம்மா? பொறுக்கிப் போட்டாப் போச்சு. ஊர்க்காரங்க நீங்க காத்தடிச்சாலும் பயப்படுவீங்க!”

நானும் மரியிடம் சொல்லவில்லை.

சனி மதியம் ஒரு மணிக்கு மேலே போனோம். கோழியை எலுமிச்சை தேய்த்து வெந்நீரில் கழுவி, பூண்டும் பச்சிலைகளும் அரைத்துப் பூசி ஊறவைத்ததாக மரி ஆங்கிலத்தில் சொன்னார். இது ஹைத்தியின் வடக்குக் கரைச் சமையலாம். முந்திரி அங்கேதான் விளைகிறது. தெற்கே இப்படிச் சமைப்பது அபூர்வம். ரங்கூனில் தென் பர்மாவின் தவாய் முந்திரி வாங்கியிருந்தார். நிலாவின் சோற்றில் சிவந்த குழம்பை ஊற்றினார். மேலே ஒரு பருப்புகூட இல்லை.

“முந்திரி எப்போது போடுவீர்கள்?” என்று கேட்டேன்.

“அது குழம்பிலேயே வேக வேண்டும், அவரைக்கொட்டை போல மெத்தென்று.”

நிலாவின் கை வாய்க்கருகே இருந்தது. தட்டிவிட்டேன். சோறு தரையில் சிதறியது. அவள் வீறிட்டாள்.

காரணத்தைச் சொன்னதும் மரி மண்டியிட்டு நிலாவின் விரல்களைச் சோப்புப் போட்டுக் கழுவினார். புதுச் சட்டியில் முட்டை பொரித்துக் கொடுத்தார். அவர் சாப்பிடவில்லை.

“என் மகன் ஹைத்தியில் என் அம்மாவிடம் இருக்கிறான். அவனைப் பிரிந்தபோது இவள் வயதுதான். இன்று அவன் பிறந்தநாள். ஒரு குழந்தை சாப்பிடுவதைப் பார்க்க ஆசைப்பட்டேன்,” என்றார்.

படியிறங்கும்போது அக்கா மெதுவாகச் சொன்னார்: “நம்ம பாயசம் மாதிரின்னு நெனச்சிட்டேன்மா.”

ஞாயிறு காலை கிளம்பினோம். மரி நிலாவை முத்தமிட்டார். அதற்கு முன் என் முகத்தைப் பார்த்து அனுமதி கேட்டார். அதுதான் என்னை அரிக்கிறது.

இப்படி ஒவ்வாமை உள்ள குழந்தைகளை வளர்ப்பவர்களே, ஆசையோடு அழைப்பவரிடம் சமைப்பதற்கு முன்பே எப்படிச் சொல்கிறீர்கள்? மரிக்கு நான் இப்போது என்ன எழுதலாம்? தயவுசெய்து சொல்லுங்கள்.