சுவிட்ச் போட்டுத்தானே போனேன்

போன வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு நான் ஹாலில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

நாலு மணிக்கு என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து திரும்பியவருக்குத் திடீரென்று வீசிங். பேச வாயைத் திறக்கிறார், சத்தம் வரவில்லை. உதடு நீலமாக மாறியதைப் பார்த்ததும் ஆம்புலன்ஸுக்கு போன் போட்டேன். வாலாஜாவிலிருந்து வேலூர் வரை ஆம்புலன்ஸில் அவர் கையைப் பிடித்துக்கொண்டே போனேன். என்ன ஜெபித்தேன் என்றுகூட ஞாபகமில்லை.

டிஸ்சார்ஜ் பற்றிப் பேசும்போது டாக்டர் ஒன்றை மட்டும் இரண்டு தடவை சொன்னார். "வீட்ல தூசி இருக்கக் கூடாது. துடைப்பம் போட்டுப் பறக்கவும் விடக் கூடாது. இன்னொரு தடவ இப்படி வந்தா ரொம்ப கஷ்டம்."

துடைப்பம் இல்லாமல் பெருக்குவதற்கென்றே எங்கள் வீட்டில் ஓர் ஆள் உண்டு. ரோபோ வாக்குவம் கிளீனர். வட்டமாக, கறுப்பாக, தோசைக்கல்லுக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கும். வீட்டுக்காரர் வைத்த பெயர் குண்டு. அவருடைய வீசிங்குக்காகவே இரண்டு மாதத்துக்கு முன் வாங்கினோம். தினமும் பதினொரு மணிக்கு அது தானாகக் கிளம்பும். கட்டிலுக்கடியில் புகுந்து வரும். முடிந்ததும் சுவரோரம் இருக்கும் சார்ஜர் மேடையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த நேரத்தில் நான் கம்பெனியில் இருப்பேன், அவர் மேல்விஷாரத்தில் பாடம் நடத்திக்கொண்டிருப்பார்.

புதன்கிழமை சாயங்காலம், மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோதுதான் கவனித்தேன். குண்டு செத்துக் கிடந்தது.

பவர் பட்டனை அழுத்தினேன். ஒன்றுமில்லை. பத்து விநாடி அழுத்திப் பிடித்தேன். ம்ஹும். கட்டிலுக்கடியில் கையை விட்டுத் தடவினேன்... விரல் சாம்பல் பூசிக்கொண்டு வந்தது. ஒருநாள் தூசி இல்லை அது. எத்தனை நாளாக ஓடவில்லையோ. போனில் அறிவிப்பு வந்திருக்கும்தான். ஆனால் ஆப் இருப்பது அவர் போனில். பரீட்சைப் பேப்பருக்குள் தலையை விட்டிருந்த மனிதர் எதைப் பார்த்தார்?

அப்படியானால் இந்தத் தூசிதானா அவரை ஆம்புலன்ஸில் ஏற்றியது?

அந்த நினைப்பு வந்ததும் யார் மேலாவது கோபப்பட்டே ஆகவேண்டும் போல் இருந்தது.

கஸ்டமர் கேர் தம்பி நல்ல பையன். "பேட்டரி முழுசா எறங்கியிருக்கலாம் மேடம். சார்ஜர்ல நாலு மணி நேரம் விடுங்க. உடனே லைட் வரலன்னா பயப்படாதீங்க" என்றான். சோபாவுக்குப் பின்னால் கையை விட்டு சுவிட்சைப் போட்டேன். மேடையில் பச்சை விளக்கு எரிந்தது. குண்டுவை அதில் உட்கார வைத்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு வேலூருக்குப் போனேன். துணைக்குக் கொழுந்தனார் வந்ததும் திரும்பி வந்து பார்த்தால்... குண்டுவும் எழவில்லை, பச்சை விளக்கும் எரியவில்லை.

எங்கள் பக்கத்தில் எது கெட்டாலும் முதலில் காற்றைத் திட்டுவோம். வெள்ளிக் கொலுசு கறுத்தால் காற்று, ஏசி குழாய் ஓட்டையானால் காற்று. தோல் தொழிற்சாலையும் கெமிக்கல் புகையுமாக இருக்கும் ராணிப்பேட்டைக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு வேறு எதைச் சொல்வது? சார்ஜர் மேடையில் இருந்த இரண்டு பித்தளைப் பட்டைகளும் லேசாகக் கறுத்திருந்தன. கண்டுபிடித்துவிட்டேன் என்று அழிரப்பர் வைத்து தேய்தேயென்று தேய்த்தேன். பளபளவென்று ஆனது. அவ்வளவுதான் ஆனது.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மறுபடி அந்தத் தம்பிக்கு போன்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. சுவிட்ச் ஆன்ல இருக்கானு ஒரு தடவ பாத்துடுங்க."

எனக்குச் சுருக்கென்றது. என்னிடமா? ஷூ கம்பெனியில் பதினெட்டு வருஷமாக சேஃப்டி பார்க்கிறவள் நான். பசையும் தின்னரும் மணக்கும் செக்ஷன். ஒரு பொறி விழுந்தால் கட்டடமே போய்விடும். கடைசி ஆள் வெளியே போகும்முன் எந்த சுவிட்ச் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று ஆயிரம் பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்.

"சுவிட்ச் போட்டுத்தான் தம்பி போனேன். நல்லா ஞாபகம் இருக்கு" என்றேன். எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

"அப்போ அடாப்டர் போயிருக்கலாம் மேடம். தண்ணி கிண்ணி பட்டுச்சா?"

தண்ணி.

எனக்கு உடனே மல்லிகா முகம் வந்தது.

மல்லிகா ஆறு வருஷமாக எங்கள் வீட்டில் வேலை பார்த்தவள். அவளிடம் ஒரு சாவி இருக்கும். நாங்கள் கிளம்பிப் போனபிறகு பத்து மணிக்கு வந்து பெருக்கித் துடைத்துவிட்டுப் போவாள். குண்டு வந்தபிறகும் ஒன்றரை மாதம் வந்தாள். அப்புறம்தான் நான், "மெஷின் நல்லாத்தான் பண்ணுது மல்லிகா, இனிமே நிறுத்திக்கலாம்" என்றேன். அவள் கடைசி நாள் வேலையை முடித்து, சாவியைப் பக்கத்து வீட்டு ராஜேஸ்வரி டீச்சரிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அன்று வீட்டில் தனியாக இருந்தது யார்? கையில் ஈரத்துணியோடு இருந்தது யார்? மெஷினால் வேலை போனது யாருக்கு?

கம்பெனியில் விபத்து விசாரணை என்றால் நான் முதல் நாளே சொல்வேன், ஆளைத் தேடாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள் என்று. அது கம்பெனியில். வீட்டில் நேராக மல்லிகாவுக்கே போன் போட்டேன்.

"மல்லிகா, கடைசி நாள் அந்த மெஷின்ல தண்ணி ஊத்துனியா?"

"நான் இன்னாத்துக்குமா தண்ணி ஊத்தப் போறேன்?"

"அது ஓடல. வீடெல்லாம் தூசி. சார் நாலு நாளா ஆஸ்பத்திரில கெடக்கறாரு, தெரியுமா உனக்கு?"

"ஐயோ... சாருக்கு இன்னாமா ஆச்சு?"

நான் போனை வைத்துவிட்டேன். அத்தோடு விட்டேனா? கேட்டில் நின்றிருந்த ராஜேஸ்வரி டீச்சரிடமும் கொட்டினேன். "வேலைய விட்டு நிறுத்துன கோவத்துல எதுவோ பண்ணிட்டுப் போயிருக்கா டீச்சர்." டீச்சர் உச்சுக்கொட்டினார். அவர் வீட்டில் ஒண்ணாம் தேதியிலிருந்து வேலைக்கு வருவதாக மல்லிகா பேசி வைத்திருந்தாள். அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

பன்னிரண்டு மணிக்கு, நான் குப்புறப் படுத்து ஸ்க்ரூ டிரைவரால் மேடையின் அடிப்பாகத்தைக் கழற்றப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வாசலில் நிழல் விழுந்தது. மல்லிகா. வெயிலில் நடந்து வந்த முகம். உள்ளே வராமல் படியிலேயே நின்றாள்.

"சாருக்கு எப்படிமா இருக்குது?"

"நாலு மணிக்கு வர்றாரு."

"டீச்சர் போன் பண்ணாங்க. ஒண்ணாந்தேதி வர வேணாம்னுட்டாங்க." குரல் நடுங்கவில்லை. அதுதான் எனக்கு பயமாக இருந்தது. "நீங்க கேட்டப்ப போனை ஸ்பீக்கர்ல வெச்சிருந்தேன். மருமக பக்கத்துல இருந்தா. ஆறு வருஷமா உங்க வீட்டு பீரோ சாவி எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியும். ஒரு பொருள் காணாம போயிருக்குதாமா? இந்த மெஷின்ல நான் இன்னா பண்ணேன்னு என் கண்ணெதிர்ல காட்டுங்க. அப்புறம் போறேன்."

நான் எழுந்து நின்றேன். காட்ட என்னிடம் என்ன இருக்கிறது? "சார்ஜரே வேலை செய்யல" என்றேன்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். குண்டுவை ஒரு பார்வை பார்த்தாள். நேராக சோபாவிடம் போய், பின்னால் கையை விட்டாள்.

டக்.

பச்சை விளக்கு எரிந்தது.

"சுவிட்ச் போடாம எப்படிமா சார்ஜ் ஏறும்?"

"நான் போட்டுத்தானே போனேன்..."

"போட்டிருப்பீங்க. கெளம்பும்போது ஆஃப் பண்ணியிருப்பீங்க." சாதாரணமாகத்தான் சொன்னாள். "தெனம் அப்படித்தான? கெளம்பும்போது ஃபிரிட்ஜ் ஒண்ணத் தவிர எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டுப் போவீங்க. நான் பத்து மணிக்கு வந்ததும் மொத வேலையா இதப் போட்டு வுடுவேன். கம்பெனில அதான் உங்க வேலைன்னு சார் சொல்லியிருக்கறாரு. அதனால இதப் போய் உங்ககிட்ட இன்னாத்துக்கு சொல்றதுன்னு வுட்டுட்டேன்."

நான் சோபாவில் உட்கார்ந்துவிட்டேன்.

பதினெட்டு வருஷப் பழக்கம். செருப்பு மாட்டும்முன் கை தானாக ஒவ்வொரு சுவிட்சாகப் போய்வரும். டிவி, மிக்ஸி, சோபாவுக்குப் பின்னால். போட்டது ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அதை யோசித்துப் போட்டேன். அணைத்தது? அதற்கு யோசனையே தேவைப்படவில்லையே. புதன்கிழமை சாயங்காலம் நான் சுவிட்சைப் போட்டேன் என்றால், அதற்கு முன் அது அணைந்திருந்தது என்றுதானே அர்த்தம்? சின்னப் பிள்ளை கேட்கும் கேள்வி. சேஃப்டி மேடத்துக்குத் தோன்றவில்லை.

ஒன்றரை மாதம் குண்டுவை ஓட வைத்தவள் மல்லிகா. அவளை நிறுத்தியதும் அதற்குச் சோறு போட ஆளில்லாமல் போனது. பட்டினி கிடந்து நின்றது. கட்டிலுக்கடியில் தூசி சேர்ந்தது. தூசியால்தான் வீசிங் வந்ததா என்று டாக்டரே அடித்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தூசியை யார் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. காலையில் அதே பழியை இந்தப் பெண் தலையில் வைத்தவள் நான். வெட்கமாக இருந்தது. வேறு நல்ல வார்த்தை எதுவும் இல்லை அதற்கு.

"மன்னிச்சுடு மல்லிகா."

அவள் குண்டுவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்பமா லைட் வரும்?"

"தெரியல. வருமான்னும் தெரியல."

"நாலு மணிக்கு சார் வந்துடுவாரு." முந்தானையைச் செருகினாள். "பக்கெட்டு எங்க?"

வேண்டாம் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இரண்டு துணியை நனைத்துப் பிழிந்து, ஆளுக்கொரு பக்கம் கட்டிலுக்கடியில் படுத்துக்கொண்டோம். துடைப்பமே தொடவில்லை. ஈரத்துணி வைத்துத் துடைத்தால் தூசி எழாது. இது டாக்டர் சொல்லி எனக்குத் தெரியவில்லை, மல்லிகா சொல்லித்தான் தெரிந்தது. தண்ணீர் மூன்று முறை மாற்றினோம். மூன்று முறையும் கறுப்பு.

ஒன்றே கால் மணிக்கு ஹாலிலிருந்து ஒரு சின்ன ட்யூன் கேட்டது. குண்டு கண் விழித்துவிட்டது. நான் வெளியே தவழ்ந்து வந்து எட்டிப் பார்த்தேன். மல்லிகா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

துடைத்து முடித்ததும் முகம் கழுவிக்கொண்டு அவளையும் அழைத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். சேஃப்டி மீட்டிங்கில் முந்நூறு பேர் முன்னால் பேசியிருக்கிறேன். அந்த ஒரு கேட்டைத் திறக்கத்தான் கை வரவில்லை. "டீச்சர், காலையில நான் சொன்னது பொய். மெஷின நிறுத்துனது நான். அத ஓட வெச்சிருந்தது இவ" என்றேன்.

டீச்சர் நெளிந்தார். "அடடா... நான் எதிர்வீட்டு அம்மாகிட்டயும் கோடிவீட்லயும் சொல்லிட்டேனே."

நாலு மணி நேரம். அதற்குள் மூன்று வீடு. குண்டு சார்ஜ் ஏற அந்தத் தம்பி சொன்ன அதே நேரம். என்ன செய்வது, மிச்சம் இரண்டு வீட்டுக் கதவையும் தட்டினேன். ஒவ்வொரு வாசலிலும் அதையே சொன்னேன். மல்லிகா என் பக்கத்தில் நேராக நின்று, நான் ஒரு வார்த்தையும் விடாமல் சொல்கிறேனா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நாலேகாலுக்கு வீட்டுக்காரர் வந்தார். கொழுந்தனார் தோளைப் பிடித்து மெதுவாகப் படியேறினார். உள்ளே வந்து ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்த்தார். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். இருமல் வரவில்லை. "நல்லாருக்கும்மா" என்றார். நான் ஓட விட்டிருந்த குண்டு அவர் காலடியில் வந்து முட்டித் திரும்பியது. அப்போதுதான் நான் அழுதேன்.

மல்லிகா இப்போது டீச்சர் வீட்டில் வேலை செய்கிறாள். எங்கள் வீட்டுக்கும் வரச் சொன்னேன். "உங்களுக்குத்தான் மெஷின் இருக்குதேமா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டிய அவசரம் அவளுக்கென்ன?

கம்பெனியில் ஒரு சிவப்பு டேக் உண்டு. ரிப்பேரில் இருக்கும் மெஷினின் சுவிட்சில் கட்டிவிடுவோம். அதில் யார் பெயர் எழுதியிருக்கிறதோ அவரைத் தவிர வேறு யாரும், முதலாளியே ஆனாலும், அந்த சுவிட்சில் கை வைக்கக் கூடாது. அதில் ஒன்றைக் கொண்டுவந்து சோபாவுக்குப் பின்னால் கட்டியிருக்கிறேன். பெயர் போட வேண்டிய இடத்தில் 'மல்லிகா' என்று எழுதினேன்.

இன்று காலையும் கிளம்பும்போது என் கை அங்கேதான் போனது. பெயரைத் தொட்டதும் திரும்பி வந்தது.