காதால் நடத்திய ஐந்து கடைகள்

கோவர்த்தனன் கடையில் எந்தக் கருவி சுருதி இறங்கிக் கிடக்கிறது என்று, எதிர் மாடியில் காபி குடித்தபடியே சொல்லிவிடுவேன். கொஞ்சம் மிகைதான். வீணைக்கும் கிடாருக்கும் வித்தியாசம் சொல்வேன், அதுவரை சத்தியம்.

ஷட்டரைத் தூக்கியதும் ஊதுவத்திகூட ஏற்றமாட்டார். முதலில் கருவிகளை எழுப்புவார். தம்புராவுக்கு ஒரு மீட்டு, மிருதங்கத்துக்கு ஒரு தட்டு, ஆர்மோனியத்துக்கு ஒரு மூச்சு. மார்கழிப் பனியில் அந்த ஓசைகள் தெருவைக் கடந்து வந்து என் போர்வைக்குள் புகுந்துகொள்ளும். "எழுப்பாம எப்டி ஆயா விக்கறது? தூங்கறவன யாரு கூட்டிக்கினு போவான்?" என்று என்னிடம் சொல்வார். இந்தத் தெருவுக்கே நான் ஆயா.

நகரிப் பக்கத்து மனிதர். மற்ற கடைகள் கண்ணாடிக்குள் பூட்டி வைத்ததை இவர் வருகிறவர்களின் மடியில் தூக்கி வைத்தார். திருப்பதி மலையேற வந்த வெதுருகுப்பத்து பஜனைக் கோஷ்டி ஒன்று, ஜால்ரா வாங்க நுழைந்து, முழு பஜனையையும் அங்கேயே பாடி முடித்தது. "வாங்காட்டி போவுது, வாசிச்சிட்டாவது போங்க" என்று டீ வரவழைத்தார். வாசித்தவர்களுக்கு வெறுங்கையோடு போக மனம் வரவில்லை. திருப்பதிக்கு அடுத்து சித்தூர், புத்தூர், நகரி, சத்தியவேடு என்று கடைகள் முளைத்தன. எல்லாவற்றிலும் மனைவி பெயர்: தாட்சாயணி மியூசிக்கல்ஸ். "என் பேர பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இஸ்துக்கினு வந்துட்டாரு" என்று தாட்சாயணி அலுத்துக்கொள்வாள். அந்த அலுப்பில் பாதி பெருமை.

ஐந்து ஊர்க் கருவிகளையும் ஒரே ஆள் எப்படி எழுப்புவது? போனில்தான். அந்தந்தக் கடைப் பணியாள் போனைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்ட, இவர் கண்மூடிக் கேட்பார். "ம், செப்பு... அடுத்தது... அந்த கிடார்ல ஒரு தந்தி தொங்கிக்கினு கீது பாரு." கனவில் நடப்பவரைப்போல் ஊர் ஊராகக் காதாலேயே போய்வருவார்.

புத்தூர்க் கடைமேல்தான் தனிப் பிரியம். "அங்க சத்தம் மாறவே மாறாது ஆயா. நேத்து கேட்டதேதான் இன்னிக்கும். அப்டி வச்சிக்கினு கீறான் நாகபூஷணம்." தீபாவளிக்கு அந்த நாகபூஷணத்துக்குப் பட்டு வேட்டி எடுத்துக் கொடுத்தார். வியாபாரம் நடக்கிற கடையில் ஓசை மாறிக்கொண்டே இருக்குமே என்பது அவருக்குத் தோன்றவில்லை. புத்தூர்ப் பிள்ளைகள் கடையில் வாசித்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் செல்போனில் ஆர்டர் போட்டு வரவழைத்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நாளில் நகரியும் சத்தியவேடும் அதே மாறாத ஓசைக்கு வந்துவிட்டன. "எல்லா கடையும் செட் ஆயிடிச்சி" என்று பூரித்துப்போனார்.

ஒவ்வொன்றாக நான்கும் மூடின. விற்காதவை எல்லாம் திருப்பதிக் கடைக்கு வந்து, நிற்க இடமில்லாமல் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்துகொண்டன. கட்டடச் சொந்தக்காரர் அந்த இடத்தையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் ஹேமநாத் வந்தான். சித்தூரில் இசை வகுப்பு நடத்துகிறவன். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறேன் என்றான்.

"ஆனா நீங்களும் வரணும்ண்ணே. நீங்க இல்லாட்டி இதுங்க வெறும் கட்ட."

"உன் போர்டுக்கு கீழ நானா?" என்றார் கோவர்த்தனன்.

"இத்தினி நாளா என் போர்டுக்கு கீழதான குந்திக்கினு இருந்தீங்க" என்றாள் தாட்சாயணி.

ஹேமநாத் சிரிப்பை அடக்கினான். கருவிகளைக் கொடுக்க இவர் ஒப்புக்கொண்டார், தான் போவதை மட்டும் தள்ளிப்போட்டார். அன்றிலிருந்து அவர் தட்டில் சோறு பாதி மிஞ்சியது.

போன வெள்ளிக்கிழமை மினி லாரி வந்தது. தாட்சாயணி கடைக்குப் போகாமல் என் மாடிக்கு ஏறி வந்தாள். "நான் அங்க நின்னா என் மூஞ்ச பாத்து ஏறிடுவாரு. வேணாம். அவரா ஏறணும்." கைப்பிடிச் சுவரை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் ஏற்றியாயிற்று. ஹேமநாத் முன் கதவைத் திறந்து பிடித்தான். கோவர்த்தனன் அவனைத் தாண்டி நடந்தார். அவர் வண்டியின் பின்புறம் போய், வேட்டியை மடித்துக் கட்டி, கருவிகளுக்கு நடுவே ஏறி உட்கார்ந்தார். வண்டி நகர்ந்ததும் அவர் கை மேலே உயர்ந்தது.

"பாத்தியாடி, ராஜா ஊர்வலம் போற மாதிரி நமக்குக் கை காட்டறான்" என்றேன்.

தாட்சாயணி தெருவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"காட்டல ஆயா. தம்புரா தல வண்டி கம்பில இடிக்குது. நடுவுல கைய குடுத்துக்கினு போறாரு."