ஹார்ட் டிஸ்க்கில் ஓர் ஆக்கிரமிப்பு

போன வாரம் ஒரு பெண்ணுக்காக வாதாடினேன். நீதிமன்றத்தில் அல்ல... சேலையூர் கேம்ப் ரோட்டில், ஒரு டி.டி.பி. சென்டரில்.

எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும், எந்த அணியில் நிறுத்தினாலும் வென்று வருவேன் என்ற எண்ணம் எனக்கு உண்டு. அதை நான் மறைத்ததும் இல்லை. இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்கள் அறிவார்கள்.

எங்கள் பேச்சாளர் மன்றத்தின் ஆண்டு மலர் அங்கே தயாராகிக்கொண்டிருந்தது. மாலை வேளைகளில் பிழை திருத்தப் போவேன். கடை, ஏகாம்பரம் அண்ணனுடையது. மாடம்பாக்கத்தில் குடும்ப நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்றவர். விற்றதில் ஒரு பகுதியைக் கம்ப்யூட்டராக மாற்றிக்கொண்டவர். தட்டச்சு செய்து பக்கம் அமைப்பவர் ஸ்டெல்லா. ஒரே முதலாளி, ஒரே ஊழியர், ஒரே கம்ப்யூட்டர்.

அண்ணனுக்குக் கம்ப்யூட்டரில் தெரிந்தவை சொற்பம். ஆன் செய்வார். ஹார்ட் டிஸ்க்கில் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்று பார்ப்பார். முன்னதைக் கற்றது தேவைக்காக. பின்னதைக் கற்றது... நில உரிமையாளர் ஒருவருக்குக் காலி இடத்தைப் பார்க்காமல் எப்படி இருப்புக்கொள்ளும்?

பார்த்தார். இடம் குறைந்துகொண்டே வந்தது.

"இன்னாம்மா ஸ்டெல்லா, நேத்து நூத்தி எண்பது எம்.பி. இருந்துச்சு. இன்னிக்கு நூத்தி அறுபதுதான் கீது. மீதி எங்க போச்சு?"

"தெரியல சார். பிரிண்ட் குடுக்கறப்போ மெஷின் தற்காலிகமா கொஞ்சம் இடம் எடுத்துக்கும். வேலை முடிஞ்சா திருப்பிக் குடுத்துடும்."

"தற்காலிகமா குடிசை போட்டவன் எவம்மா காலி பண்ணிக்கீறான்?"

ஸ்டெல்லா சொன்னதில் பிழையில்லை. பகலில் அந்த எண் சற்றே இறங்கும், சற்றே ஏறும், அது இயல்பு. ஆனால் ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடக் கீழே நின்றதே... அதற்கு அவரிடம் பதில் இல்லை.

அண்ணனிடம் இருந்தது.

"நீ வெளி ஆர்டர் எடுத்து என் மெஷின்ல பண்றியாமே? அதெல்லாம் உள்ள ஒளிச்சு வெச்சிருக்கியாமே?"

"யார் சார் சொன்னது?"

"யார் சொன்னா இன்னா? சனிக்கிழமைக்குள்ள என் இடத்துக்குக் கணக்கு சொல்லு. இல்லன்னா திங்கக்கிழமை வராதே."

ஸ்டெல்லா திரையைப் பார்த்தபடியே தட்டச்சு செய்தார். அந்தப் பத்தியில் மட்டும் எட்டுப் பிழைகள். அவர் வழக்கமாகப் பிழை விடுகிறவர் அல்லர்.

வேலை போனால் வேறு வேலை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் கேம்ப் ரோட்டில் டி.டி.பி. சென்டர் வைத்திருப்பவர்கள் அத்தனை பேரும் ஒரே டீக்கடையில் நிற்பவர்கள். 'முதலாளிக்குத் தெரியாமல் வெளிவேலை பார்த்தவள்' என்ற பட்டத்தோடு ஒரு கடையிலிருந்து இறங்குகிறவரை எந்தக் கடை ஏற்றும்?

எழுந்தேன். பேசினேன். குற்றம் சாட்டுபவரே சான்று காட்டக் கடமைப்பட்டவர் என்றேன். ஐயம் என்பது ஆதாரம் ஆகாது என்றேன். உழைப்பவரின் மௌனத்தை ஒப்புதல் என்று கொள்வது எந்த நாட்டு நீதி என்றேன். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள்கூட நின்று கேட்டார்கள்.

அண்ணன் மனமாரக் கைதட்டினார்.

"சூப்பரா பேசறே தம்பி. ஆனா இடம் திரும்பி வரலியே."

வரவில்லைதான். சொற்பொழிவினால் ஒரு எம்.பி.கூடத் திரும்பவில்லை.

ஆகவே தேடினோம். ஸ்டெல்லாவின் ஃபோல்டரை முழுவதும் துருவினோம். திருமண அழைப்பிதழ்கள், பள்ளி வினாத்தாள்கள், எங்கள் மலர்... எல்லாம் கடையின் வேலையே. எங்களுக்குத் திருப்தி, அண்ணனுக்கோ, இவ்வளவு நன்றாக ஒளிக்கத் தெரிந்தவளா என்று சந்தேகம் கூடியது.

ஒரு பொருள் காணாமல் போனால் நாம் எங்கே தேடுகிறோம்? யார்மீது சந்தேகமோ அவர் பையில். வீட்டின் மற்ற அறைகள் அதுவரை குற்றமற்றவையாகவே இருக்கின்றன.

பிறகுதான் உறைத்தது. 'யார்' என்ற கேள்வியை விட்டு 'எப்போது' என்று கேட்டால் என்ன? வெள்ளிக்கிழமை மாலை ஸ்டெல்லா பஸ்ஸுக்குக் கிளம்பும்போது காலி இடத்தைப் பார்த்து வைத்துக்கொண்டேன். மறுநாள் காலை, அவர் வருவதற்கு முன்பே, ஷட்டரைத் தூக்கிய அண்ணனோடு நானும் உள்ளே நுழைந்தேன்.

ஊதுபத்தி ஏற்றினார். கம்ப்யூட்டருக்கு மூன்று சுற்று காட்டினார். ஸ்விட்சைப் போட்டார். திரை நீலமாகி, ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. அண்ணன் சற்றும் தயங்காமல் ஒரு விசையை அமுக்கினார். மறுபடி கேட்டது. மறுபடி அமுக்கினார்.

"என்ன கேக்குதுண்ணா?"

"தெனம் கேக்கறதுதான். யாரோடதோ துண்டு துண்டா கெடக்குதாம். வெச்சுக்கவா, அழிச்சுடவான்னு."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"வெச்சுக்கோன்னுடுவேன்."

"தினமுமா?"

"தெனமுந்தான். ஆளில்லாத மனைன்னு கை வெச்சவன் கதையெல்லாம் எனக்குத் தெரியும் தம்பி. நாம அழிச்சுட்டு நிப்போம்... எவன்னா துபாய்லேர்ந்து பத்திரத்தோட வந்து எறங்குவான்."

திரை தெளிந்ததும் காலி இடத்தைப் பார்த்தேன். முந்தைய மாலையைவிடக் குறைந்திருந்தது. குற்றம் சாட்டப்பட்டவரோ அப்போது கேம்ப் ரோடு பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தார்.

"சரிண்ணா... கடைய மூடறப்போ என்ன பண்ணுவீங்க?"

"இன்னா பண்ணுவாங்க? மெயினை இறக்குவேன். யு.பி.எஸ். கீச்சுக்கீச்சுன்னு கத்தும். அதையும் அணைச்சுடுவேன்."

"அதுவரைக்கும் கம்ப்யூட்டர்?"

"ஓடிக்கினே கெடக்கும். ஸ்டெல்லா கெளம்பறப்போ பெரிய படமா ரெண்டு மூணு தொறந்து வெக்கச் சொல்லிடுவேன். வெளிச்சம் தெரிஞ்சாத்தானே கஸ்டமர் உள்ள வருவான்?"

வழக்கு முடிந்தது. முறையாக அணைக்காமல், திறந்து கிடந்த வேலைகளோடு கம்ப்யூட்டரின் கழுத்தை ஒவ்வொரு இரவும் நெரித்திருக்கிறார். பாதியில் அறுந்த வேலைகளின் துண்டுகளை ஒவ்வொரு காலையும் ஹார்ட் டிஸ்க்கிலேயே பத்திரப்படுத்தியிருக்கிறார். ஸ்டெல்லா போன பிறகு முன்னது. ஸ்டெல்லா வருமுன் பின்னது. அவர் எதைத்தான் பார்த்திருக்க முடியும்?

ஸ்டெல்லா வந்தார். நடந்ததைச் சொன்னேன். "அந்தப் பக்கம் நான் போனதே இல்லங்க, என் ஃபோல்டரோட சரி" என்றபடி ஃபோல்டர்களுக்கு வெளியே, ஹார்ட் டிஸ்க்கின் வாசலிலேயே தேடினார். துண்டுகள் வரிசையாக நின்றன, பெயருக்குப் பதில் எண்கள் தாங்கி. ஒன்றைத் திறந்தார். எங்கள் மலரின் தலையங்கத்தில் கால்வாசி, மிச்சமெல்லாம் கிறுக்கல். இன்னொன்றில் யாரோ ஒரு மணமகனின் பாதிப் பெயர்.

அண்ணன் அந்த வரிசையை விரலால் எண்ணிப் பார்த்தார்.

"அப்போ... என் இடத்துல நானே வேலி போட்டுக்கினேன்னு சொல்றே."

"நான் அப்படிச் சொல்லல சார்."

"நீ சொல்லலம்மா. அதான் சொல்லுதே."

மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. இடுப்பிலிருந்து ஷட்டர் சாவி வந்தது.

"இந்தா. திங்கக்கிழமைலேர்ந்து நீயே தொற. போறப்போ நீயே மொறையா அணைச்சுட்டுப் போ. மெயினை மட்டும் நான் இறக்கறேன்."

ஸ்டெல்லா சாவியை வாங்கிக் கைப்பையில் போட்டார். பையின் ஜிப்பை மூடினார். அதன் பிறகுதான் சிரித்தார்.

"அப்போ இதையெல்லாம் அழிச்சுடட்டுமா சார்?"

அண்ணன் கையை நீட்டித் தடுத்தார். "அழி... ஆனா ஒண்ணே ஒண்ணு இருக்கட்டும்மா. எவன்னா வந்து கேட்டா, பாத்துக்கோப்பான்னு காட்டறதுக்கு."

ஸ்டெல்லா இருப்பதிலேயே சிறியதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து விட்டுவைத்தார். மற்றவை போயின. காலி இடம் மளமளவென்று ஏறியது. அண்ணன், வேலி பிடுங்கிய மனையைப் பார்ப்பவரைப் போல நின்றார்.

இதை எழுதும் நிமிடம் வரை யாரும் வந்து கேட்கவில்லை.