கியர்பாக்ஸுக்குப் பூக்கட்டிப் பார்த்தோம்

எங்கள் வீட்டில் கிணறு வெட்டுவதானாலும் பெண் எடுப்பதானாலும் பூக்கட்டிப் பார்க்காமல் முடிவெடுக்க மாட்டார்கள். வெள்ளைப் பூவுக்கு ஒரு முடிவு, சிவப்புப் பூவுக்கு ஒரு முடிவு என்று பேசிக்கொண்டு, இரண்டையும் ஒரே மாதிரி பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் வைப்பார்கள். வீட்டுக் குழந்தை ஒன்றை எடுக்கும். எடுத்ததுதான் தீர்ப்பு. ஆனால் வண்டியின் கியர்பாக்ஸுக்காகப் பூக்கட்டிப் பார்த்த குடும்பம் முடிச்சூரிலேயே எங்களுடையது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். பொட்டலம் எடுத்தவள் நான். ஒன்பது வயது.

எண்பதுகளின் கடைசி அது. எங்கள் ஊர் வயல்கள் ஒவ்வொன்றாக மனைகளாகிக்கொண்டிருந்தன. உழவை விட்ட அப்பா ஒரு பழைய பிக்கப் வேனை வாங்கி, பல்லாவரம் பக்கத்துக் குவாரியிலிருந்து மனைகளுக்கு நடும் எல்லைக்கல் ஏற்றிவந்தார். நெல் நட்ட இடத்தில் கல் நடுகிறார்களே என்று அவர் வருந்தியதாகத் தெரியவில்லை. வண்டி ஓடினால் மனிதர் விசிலடிப்பார்.

அந்த வண்டியில் போட்ட கியர் நிற்காது. தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடும். அதனால் பள்ளி விடுமுறையில் நான் நடுவில் உட்கார்ந்து கியர்க்கம்பியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொள்வேன். கலெக்டர் உத்தியோகம் பார்ப்பதாகத்தான் எனக்கு நினைப்பு. ஒருநாள் குவாரிப் பள்ளத்திலிருந்து முழுப் பாரத்தோடு மேலேறும்போது கம்பி என் பிடியை மீறித் துள்ளியது. பிரேக்கும் பிடிக்கவில்லை. வண்டி பின்னோக்கி உருண்டுபோய் ஒரு கற்குவியலில் முட்டி நின்றது. அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியை விடவில்லை. நான் கைதட்டிச் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "ஊஞ்சல் மாதிரி இருந்துச்சும்மா!" என்று சொல்லிவிட்டேன். அம்மா தோசையைக் கருகவிட்டு என் கைகால்களைத் தடவித் தடவிப் பார்த்தாள். இனிமேல் வண்டி குவாரிக்குப் போகவே கூடாது என்றாள். கியர்பாக்ஸை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று அப்பா தட்டிக்கழித்தார்.

தாம்பரத்து மெக்கானிக், புதுப்பேட்டையில் தேடிப் பிடித்து இரண்டு பழைய கியர்பாக்ஸ்களைக் கொண்டுவந்து ஷெட்டில் சாக்கு விரித்து வைத்தார்.

"அண்ணே, இது நாலு கியரு. நம்ம வண்டியோடதே. ஃபர்ஸ்ட்ல போட்டா எந்த மேடானாலும் இழுத்துகினு போவும். அது அஞ்சு கியரு, வேற வண்டியோடது. ஷாஃப்ட்ட வெட்டி சேத்துக்கலாம். ரோட்ல சும்மா பறக்கும். ஆனா லோடோட குவாரி மேடெல்லாம் ஏறாது."

அப்பா நான்கு கியரைத் தொட்டார். அம்மாவின் தம்பி, அதாவது எங்களோடேயே தங்கி அப்பாவோடு மாற்றி மாற்றி வண்டி ஓட்டிய மாமா, ஐந்து கியரின் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"இன்னும் எத்தினி நாளு மச்சான் கல்லையே தூக்கிகினு இருக்கப் போற? இத போட்டா சிங்கப்பெருமாள் கோவில் கம்பெனிங்களுக்கு அட்டைப்பெட்டி லோடு அடிக்கலாம்."

"எனக்கு நீ இன்னாடா சொல்றது?" என்றார் அப்பா.

மச்சினன் சொல்லி அப்பா கேட்டதாகச் சரித்திரம் இல்லை. மூன்று நாள் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரே கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, "உங்க மாமாவ சாப்புட வரச்சொல்லு" என்று என்னைத் தூது விட்டார்கள். மாமா பெட்டியைத் தூசி தட்டுவதைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. வண்டியோ ஷெட்டில் வயிறு பிளந்து கிடந்தது. கடைசியில் அம்மாதான், பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்றாள். வெள்ளை வந்தால் நான்கு, சிவப்பு வந்தால் ஐந்து.

காலையில் அவளே நந்தியாவட்டையும் அரளியும் பறித்து வாழையிலைத் துண்டுகளில் பொட்டலம் கட்டினாள். அப்பா அவற்றை மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொள்ள, ரயிலேறிச் சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போனோம். நரசிம்மரைச் சேவித்துவிட்டு, சந்நிதியைப் பார்த்தபடி பொட்டலங்களை வைத்தார்கள். அப்பா கண்ணை மூடிக் கைகூப்பி வெகுநேரம் நின்றார். அவர் ஜெயிக்க வேண்டும், மாமாவும் போகக் கூடாது என்று நானும் வேண்டிக்கொண்டு ஒன்றை எடுத்தேன்.

சிவப்பு.

அப்பாதான் முதலில் சிரித்தார். "சாமியே சொல்லிட்டாரு, அப்பறம் இன்னா? உன் அஞ்சு கியரையே ஏத்துடா" என்று மாமாவின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். மூன்று நாளுக்குப் பிறகு நேருக்கு நேராகச் சொன்ன முதல் பேச்சு. மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா அவரை அழைத்துக்கொண்டு பொரி வாங்கப் போனாள். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் தண்ணீரில் விட்டுவிட வேண்டும் என்பது வழக்கம். அப்பா அதை என்னிடம் கொடுத்துக் குளத்துக்கு அனுப்பினார். சும்மா விடுகிற கையா என் கை? படிக்கட்டில் உட்கார்ந்து பிரித்தேன். அதற்குள்ளும் சிவப்பு அரளிதான்.

கால் அலம்ப வந்த அப்பாவிடம் ஓடிப்போய்க் காட்டினேன். பூவைப் பார்த்துவிட்டு, கடைப்பக்கம் நின்றிருந்த அம்மாவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"தெரியும். ரயில்லயே ரெண்டையும் பிரிச்சு பாத்துட்டேன். உங்கம்மாகிட்ட வாயத் தொறக்காத."

பூவைத் தண்ணீரில் விட்டுவிட்டு விசிலடித்தபடி படியேறினார். வாயைத் திறக்க மாட்டேன் என்று தலையாட்டிவிட்டேனே தவிர, எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. எது வரப்போகிறது என்று தெரிந்துகொண்டே, அவ்வளவு நேரம் கண்ணை மூடி நின்று அவர் என்னதான் வேண்டிக்கொண்டார்?